ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிடுகிறவரை மெல்லச் சாப்பிட வைப்பது எப்படி

என் தம்பி தட்டிலிருந்து தக்காளியை எடுத்து வைக்கும் விதத்தை ஒரு நாள் எதிரே உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். ஸ்பூன் நுனியால் ஒவ்வொரு துண்டாகத் தள்ளி, ஓரத்தில் வரிசையாக அடுக்கி, முட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தோலைக்கூட விரலால் உருவி அந்த வரிசையோடு சேர்த்துவிட்டு, அப்புறம்தான் முதல் வாய் வைத்தான். 11 துண்டு, எண்ணினேன். அவனுக்கு அப்போது 26 வயது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது, அந்த நான்கு மாதமும் சாப்பாட்டு நேரம் என்றாலே சண்டை நேரம்தான்.

திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று பயமுறுத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காய்களை வேகவைத்து மைய அரைத்து, அவனுக்கு ரொம்பப் பிடித்த உருளைக்கிழங்கு சூப்பில் தெரியாமல் கலந்தேன். மூன்று நாள் ஓடியது. நான்காவது நாள் ஒரு வாய் வைத்ததுமே கிண்ணத்தை நகர்த்திவிட்டு, "அக்கா, இதுல என்ன போட்ட?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். அதற்கப்புறம் நான் எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டான், அந்தச் சூப்பை ஐந்தாறு மாதம் தொடவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பொருட்களில் ஒன்றை நானே என் கையால் கெடுத்துவிட்டேன். இன்னமும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால் முதல் விஷயமாக இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது மூன்று வயதுக் குழந்தையோ, கணவரோ, மனைவியோ, அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பரோ, யாராக இருந்தாலும் ஏமாற்றிச் சாப்பிட வைக்காதீர்கள். இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்திருப்பதுதான் பெரிய ஆறுதல். அந்த நம்பிக்கை போய்விட்டால் மீண்டும் சம்பாதிக்க மாதக்கணக்கில் ஆகும். அரைத்துக் கலப்பதே தப்பு என்று சொல்லவில்லை, சொல்லிவிட்டுக் கலக்கலாம். "இன்னைக்கு இதுல கொஞ்சம் கேரட் அரைச்சுப் போட்டிருக்கேன், வேண்டாம்னா தனியா எடுத்து வச்சதும் இருக்கு" என்று சொன்னால் பாதிக்குப் பாதி தடவை சாப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அது பிடிவாதம் இல்லை

"எல்லாம் கொழுப்பு, ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா சாப்பிடும்" என்று சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே கேரட் உங்கள் நாக்கிலும் அவர் நாக்கிலும் ஒரே கேரட்டாக இருக்க வேண்டியதில்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அந்தக் கசப்பு சிலருக்குத் தெரிவதும் சிலருக்குத் தெரியாததும் பிறப்பிலேயே வருவது என்று பிற்பாடு உறுதியானது, 2003இல் அதற்கான மரபணுவையும் அடையாளம் கண்டார்கள். முட்டைக்கோஸ், புரோக்கோலி, காலிஃபிளவர் வகையறாக்களில் அதே மாதிரியான கசப்புப் பொருட்கள் இருக்கின்றன. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருக்கிறது என்பதும் கற்பனை இல்லை, மணத்தை உணரும் மரபணுவோடு அதற்குத் தொடர்பு உண்டு.

ஒரு தடவை ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்திருந்தால், வாந்திக்குக் காரணம் அந்த உணவே இல்லை என்றாலும் உடம்பு அதை மறக்காது. 1950களில் ஜான் கார்சியா எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான்: ஒரு சுவைக்கு அப்புறம் குமட்டல் வந்தால் அந்தச் சுவையையே விலங்கு ஒதுக்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் ஒதுக்கிச் சாப்பிடுகிறவருக்கும் சின்ன வயதில் அப்படி ஒன்று நடந்திருக்கலாம், அவருக்கே அது ஞாபகம் இல்லாமல்கூடப் போயிருக்கலாம்.

சுவையையும் மணத்தையும் விடப் பெரிய விஷயம் வாயில் அது எப்படி இருக்கிறது என்பது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தம்பிதான். சண்டை எல்லாம் ஓய்ந்து ஒரு நாள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, "தக்காளியில உனக்கு என்னதான்டா பிரச்சினை?" என்று கேட்டேன். "டேஸ்ட் இல்லக்கா. அந்த விதையச் சுத்தி கொழகொழன்னு இருக்கே, அது. வெளியில தோலு ஒரு மாதிரி, உள்ள சதை ஒரு மாதிரி, நடுவுல அந்தக் கொழகொழப்பு, ஒரே வாயில மூணு விதமா வருது, குமட்டுது" என்றான். தக்காளி சாஸ் மட்டும் அவன் தாராளமாகச் சாப்பிடுவதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. நான்கு மாதம் அவனைத் திட்டிய எனக்கு இதை ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் இரண்டு செய்தி தெரிந்திருந்தால் பாதிக் கவலை குறையும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்து போகிற ஒரு கட்டம். அப்புறம், முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல் மூன்று மடங்காகிறது, இரண்டாவது வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தான் செய்யும். போன வருடம் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இப்போது சாப்பிடவில்லை என்று பதறுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பட்டியல்

சாப்பிடாததன் பட்டியல் இல்லை, அது உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அவர் சாப்பிடுகிறவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிஸ்கட், பழரசம், ஒரே ஒரு பிராண்ட் சீஸ் என்று எதையும் விடாமல். பக்கத்திலேயே அது வாயில் எப்படி இருக்கும் என்பதையும் எழுதுங்கள்: மொறுமொறுப்பா, மெத்தென்று இருக்குமா, வழவழப்பா, மாவு மாதிரியா, காய்ந்ததா, சாறு விடுவதா. சூடாகச் சாப்பிடுகிறாரா, ஆறிய பிறகா, எந்த நிறம் என்பதும் வேண்டும்.

என் தம்பி பட்டியலில் 14 பொருள் இருந்தது. எழுதி முடித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே ஒன்று மொறுமொறு, இல்லையென்றால் ஒரே சீராக மெத்தென்று இருப்பவை. வறுத்த உருளைக்கிழங்கு, டோஸ்ட், நிலக்கடலை, வேகவைத்த முட்டை, வாழைப்பழம். கடிக்கும்போது உள்ளே வேறொன்றாக மாறுகிற எதுவும் அதில் இல்லை. திராட்சை இல்லை, கத்தரிக்காய் இல்லை, வேகவைத்த வெங்காயம் இல்லை. அவனுக்கு எதைப் பிடிக்கும் என்பதற்கான வரைபடமே அந்தத் தாளில் இருந்தது. பெரியவர்கள் என்றால் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தே எழுதலாம், விசாரணை மாதிரி இல்லாமல்.

வற்புறுத்தினால் குறையும்

2006இல் லியான் பர்ச் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குச் சூப் கொடுத்தார்கள். ஒரு வகைச் சூப்புக்கு மட்டும், "சூப்பைக் குடித்து முடி" என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார், வேறு எதுவும் இல்லை, திட்டுகூட இல்லை. அப்படிச் சொல்லப்பட்ட சூப்பைக் குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். நாம் தினமும் சொல்லும் "இன்னும் ரெண்டு வாய்" என்ன வேலை செய்கிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்பதும் அதே கதைதான். ஐஸ்கிரீம் பரிசு என்றால் இது தண்டனை என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஒரு துளி சுவைத்துப் பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் என்று உணவு அல்லாத சின்னப் பரிசு கொடுத்த ஆய்வுகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. சுவைத்ததற்குத்தான் பரிசு, தட்டைக் காலி செய்ததற்கு இல்லை.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறிய பாராட்டும் வேண்டாம். என் தம்பி முதல் தடவை ஒரு பீன்ஸை வாயில் போட்டபோது நான் கைதட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போனது, அடுத்த இரண்டு வாரம் பீன்ஸ் பக்கமே வரவில்லை. தான் சாப்பிடுவதை யாரோ கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய பாரம். பீன்ஸை வாயில் போட்டால் பார்க்காத மாதிரி பேச்சைத் தொடருங்கள். துப்ப வேண்டுமென்றால் துப்பிக்கொள்ளட்டும், பக்கத்தில் ஒரு டிஷ்யூ இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கவே துணிவார்கள்.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் குழந்தைகளுக்குச் சொன்ன ஒரு பங்கீடு பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. என்ன சமைப்பது, எப்போது வைப்பது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சமைக்கிறவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது சாப்பிடுகிறவர் பொறுப்பு. நம் வேலை மேஜையில் வைப்பதோடு முடிகிறது. கேட்க எளிது, நடைமுறையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எனக்கு முழுதாகப் பழகவே மூன்று வாரம் ஆனது.

தட்டில் எப்படி வைப்பது

ஒவ்வொரு வேளையும் அவர் நிச்சயம் சாப்பிடும் ஒன்றாவது மேஜையில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் மற்றவற்றைப் பயமில்லாமல் பார்ப்பார். பசியோடு வந்து உட்கார்ந்து, எதிரே எல்லாமே சாப்பிட முடியாத பொருளாக இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எல்லாவற்றையும் கலந்து ஒரே குவியலாகப் போடாமல் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, அவரவரே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய பொருளின் சாறு பழக்கமான பொருளில் பட்டால் இரண்டுமே போச்சு. என் தம்பிக்கு அறை பிரித்த ஒரு தட்டு வாங்கிவைத்தேன், அவனே வெட்கப்படாமல் அதை எடுத்து வருகிறான்.

புதிதாக வைப்பது நகத்தளவு போதும், நிஜமாகவே நகத்தளவு. ஒரு பட்டாணி, விரல் நுனி அகலத்தில் ஒரு கேரட் வில்லை. வாயில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, தட்டிலோ மேஜையிலோ இருந்துவிட்டுப் போகட்டும். பார்ப்பதும், முகர்வதும், விரலால் தொடுவதும்கூடப் பழகுவதில் சேர்ந்தவைதான். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்கு 8 முதல் 15 தடவை சுவைத்துப் பார்க்கத் தேவைப்படலாம், பல வீடுகளில் மூன்று நான்கு தடவையோடு "இவனுக்குப் பிடிக்காது" என்று விட்டுவிடுகிறோம். தினமும் வைத்தாலும் அலுத்துவிடும், வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும். நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன், எனக்குத்தான் அது பொறுமையைக் கொடுத்தது.

ஒரு நேரத்தில் ஒரு படி

எனக்கு நிஜமான பலன் கொடுத்தது இதுதான். பட்டியலில் இருக்கும் ஒரு பொருளை எடுங்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். வறுத்த உருளைக்கிழங்கு பிடிக்கும் என்றால் அதே நீளத்தில் நறுக்கி, அதே உப்பு மிளகுத்தூளோடு, அதே பாத்திரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது பழகியதும் அதே வடிவத்தில் கேரட். கேரட்டுக்கு அப்புறம் பீட்ரூட்டோ பூசணியோ. வடிவம், உப்பு, மொறுமொறுப்பு மூன்றும் அப்படியே, பொருள் மட்டும் மாறுகிறது. அடுத்த கட்டத்தில் பொருளை அப்படியே வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்றலாம், நீளத்துண்டு வில்லையாகும், வில்லை சதுரமாகும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் அவர் கண்ணுக்கு அது முற்றிலும் புதிய பொருள்.

தக்காளிக்கு நாங்கள் ஏறிய படிகளைச் சொல்கிறேன். சாஸ் ஏற்கெனவே சாப்பிடுவான், அது கீழ்ப்படி. வீட்டிலேயே தோலையும் விதையையும் எடுத்துவிட்டு மைய அரைத்த சாஸ் அடுத்தது, இதற்கே ஒரு மாதம். அப்புறம் அதையே கொஞ்சம் கரகரப்பாக அரைத்தேன். அதற்கடுத்து, தக்காளியை நான்காக வெட்டி, நடுவில் இருக்கும் விதையையும் கொழகொழப்பையும் ஸ்பூனால் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் சதையை மெல்லிய கீற்றாக நறுக்கி, எண்ணெய் தடவி, ஓரம் சுருங்கிக் கருகத் தொடங்கும் வரை ஓவனில் வாட்டினேன். நீரெல்லாம் வற்றி, தோல் போல் சுருண்டு, இழுத்தால் லேசாக நீளும். அதை டோஸ்ட்டின் ஓரத்தில் இரண்டு கீற்று வைத்தேன். முதல் நாள் தொட்டுப் பார்த்தான், மூன்றாவது தடவை ஒரு கீற்றை நாக்கில் வைத்து எடுத்தான், ஏழாவது தடவை சாப்பிட்டான். நான் வாயே திறக்கவில்லை.

காய் சமைக்கும் முறையை மாற்றினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் அவர்கள் வெறுப்பது காயை இல்லை, வேகவைத்துக் குழைந்த காயை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலியை நீரில் வேகவைக்க வைக்கக் கந்தக வாடை ஏறிக்கொண்டே போகும், ஐந்து நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் வித்தியாசம் மூக்குக்கே தெரியும். அதே காலிஃபிளவரைச் சின்னச் சின்னப் பூவாகப் பிரித்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் பிசறி, 200 முதல் 220 டிகிரி ஓவனில் 20, 25 நிமிடம் வைத்தால் ஓரம் பழுப்பாகி, இனிப்பு ஏறி, வேறொரு பொருளாகிவிடும். ஓவன் இல்லை என்றால் அகலமான தவாவில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், கிளறிக்கொண்டே இருக்காமல் விட்டு விட்டு வறுங்கள். துண்டுகளை நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வெந்துபோகும், மொறுமொறுப்பு வராது.

கசப்பு தொந்தரவு என்றால் உப்பு உதவும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கி மற்ற சுவையை முன்னால் கொண்டுவரும். கொழுப்பும் அப்படித்தான், கொஞ்சம் வெண்ணெயோ சீஸோ இருந்தால் கீரைகூட இறங்கும். கீரையில் வெண்ணெய் போட்டால் சத்து போச்சே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வெண்ணெயோடு உள்ளே போகும் கீரை, தட்டின் ஓரத்தில் கிடக்கும் சுத்தமான கீரையை விட நூறு மடங்கு மேல். பழகிய பிறகு வெண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம்.

சமைத்தது பிடிக்காதவர்களுக்குப் பச்சையாகக் கொடுத்தும் பாருங்கள். வெந்த கேரட்டின் மெத்தென்ற தன்மையைத் தாங்க முடியாதவர் பச்சைக் கேரட்டைக் கடகடவென்று கடித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை, முழுக் கொட்டைகள் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு, கேரட்டைத் துருவியும் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியும் கொடுங்கள், கொட்டைகளைப் பொடித்துக் கொடுங்கள்.

பசி இருக்கிறதா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். சின்னக் குழந்தைகள் சாப்பிடாமல் போவதற்கு நாள் முழுக்கக் குடிக்கும் பாலும் ஜூஸும் முக்கியக் காரணம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு அரை லிட்டர் பால் போதும், அதற்கு மேல் போகப் போகப் பசியும் குறையும், இரும்புச் சத்தும் குறையும். இரும்புச் சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மலச்சிக்கல் இருந்தாலும் பசிக்காது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பெரியவர்களோடு இருப்பது

குழந்தையிடம் இல்லாத ஒரு சிக்கல் பெரியவர்களிடம் உண்டு, அதுதான் வெட்கம். 26 வயதில் பீன்ஸைப் பார்த்து மிரள்வது அவர்களுக்கே பிடித்தமான விஷயம் இல்லை. விருந்துக்குப் போன இடத்தில் "இவனுக்கு எதுவுமே பிடிக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம், அவர்கள் அங்கேயே சுருங்கிப் போகிறார்கள். நான் சொந்தக்காரர்கள் முன்னால் அப்படிப் பேசுவதை அடியோடு நிறுத்தினேன். யாராவது தம்பியைக் கேலி செய்தால், "அவன் பார்த்துச் சாப்பிடுவான், விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதை அவன் கவனித்திருக்கிறான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர்கள் தாங்களாக மாற விரும்புகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் உங்களால் செய்யக்கூடியது, வீட்டில் நல்ல உணவு எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதும், வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான். விரும்புகிறேன் என்றால் எதிலிருந்து தொடங்குவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். காய்கறி வாங்கக் கூட்டிப் போங்கள், நறுக்கச் சொல்லுங்கள். என் தம்பி குடமிளகாயை வாரக்கணக்கில் நறுக்கிக் கொடுத்தான், ஒரு துண்டு சாப்பிட்டதில்லை. ஒரு நாள் நறுக்கிக்கொண்டே ஒன்றை வாயில் போட்டான், என்னிடம் சொல்லக்கூட இல்லை.

சமைக்கிறவர் பக்கமும் பேச வேண்டும். தினமும் இரண்டு சமையல் செய்தால் நீங்கள் நொந்துபோவீர்கள், அந்தக் கோபம் எப்படியும் மேஜைக்கு வந்துவிடும். அதனால் ஒரு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். சமையல் ஒன்றுதான், அதில் அவர் சாப்பிடும் பொருள் ஒன்றாவது இருக்கும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் முட்டையோ ரொட்டியோ அவரே எழுந்து செய்துகொள்ளலாம், அதற்கு முகம் சுளிப்போ வசனமோ கிடையாது. கலந்து செய்யும் பொருளாக இருந்தால் கலக்கும் முன் அவருக்கான பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம், இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எது நிஜமாகவே குறைகிறது

ஒரு வேளை, ஒரு நாள் என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். பழமும் காயும் சேர்ந்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காயே சாப்பிடாதவர் மூன்று வகைப் பழம் சாப்பிட்டால் அதில் நல்ல பங்கு வந்துவிடும். கீரையை வைத்தே தீருவேன் என்று மல்லுக்கு நிற்க வேண்டாம், கீரையில் இருப்பதில் பெரும்பங்கு வேறு இடங்களிலும் கிடைக்கிறது. பருப்பிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும், கூடவே ஆரஞ்சோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நல்லது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதையுமே தொடாதவர் என்றால் பி12 விஷயத்தில் கவனம் தேவை, செடி வகை உணவில் அதை நம்பிக்கையாகப் பெற முடியாது.

ஒல்லியாக இல்லையே, அப்புறம் என்ன கவலை என்று நினைக்கக் கூடாது. 2019இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு நிகழ்வு: வருடக்கணக்கில் வறுத்த உருளைக்கிழங்கு, சிப்ஸ், வெள்ளை ரொட்டி, கொஞ்சம் பதப்படுத்திய இறைச்சி இவற்றை மட்டுமே சாப்பிட்டு வந்த ஒரு பதின்வயதுப் பையனுக்குச் சத்துக் குறைபாட்டால் பார்வை நரம்பு பாதித்துப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. அவன் உயரமும் எடையும் இயல்பாகத்தான் இருந்தன. இது மிக அரிது, பயப்படுவதற்காகச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எடை இறங்குகிறது, குழந்தை வளர்ச்சிக் கோட்டில் பின்தங்குகிறது, எந்நேரமும் சோர்வு, சாப்பிடும் பொருட்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன, விழுங்கப் பயப்படுகிறார், தொண்டையில் அடைக்கிறது என்கிறார், சாப்பாட்டை நினைத்து வெளியிடங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆர்ஃபிட் என்று ஒரு உணவுக் கோளாறு 2013 முதல் மனநல மருத்துவத்தில் தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒல்லியாக வேண்டும் என்பதற்காக இல்லாமல், உணவின் தன்மையாலோ பயத்தாலோ ஆர்வமின்மையாலோ உடம்பு பாதிக்கும் அளவுக்குச் சாப்பாட்டை ஒதுக்குவது அது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இப்படி ஒதுக்குவது அதிகம், அவர்களுக்கு உணவியல் வல்லுநரோடு செயல்வழிச் சிகிச்சையாளரின் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) உதவியும் தேவைப்படலாம். வயதானவர் திடீரென்று ஒதுக்கத் தொடங்கினால் பல், பல்செட், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மணம் தெரியாமல் போவது இவற்றை முதலில் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, பின்வாங்கும் நாட்கள் வரும். காய்ச்சல், பரீட்சை, வேலை மாற்றம், வீடு மாற்றம் எது வந்தாலும் அவர்கள் பழைய பத்துப் பொருளுக்கே திரும்பிப் போவார்கள். போன மாதம் தம்பிக்கு ஒரு வாரம் காய்ச்சல், அப்போது டோஸ்ட்டும் வாழைப்பழமும் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. உடம்பு தேறியதும் தக்காளிக் கீற்றை வைக்காமல் இரண்டு படி கீழே இறங்கி மைய அரைத்த சாஸிலிருந்தே மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை மேலே ஏற ஒன்பது நாள்தான் ஆனது. நேற்று டோஸ்ட் ஓரத்தில் கீற்று வைக்க மறந்துவிட்டேன், "அக்கா, அந்தச் சுருட்டுன தக்காளி இல்லையா?" என்று அவனே கேட்டான்.